பதிவேட்டில் ஏறாத இறால்

(பொன்னேரியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



2025 ஆகஸ்டில் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு ஒரு பணம் வந்தது. கொடுத்தது தேசியப் பல்லுயிர் ஆணையம். தொகை 55 லட்சம் ரூபாய். பெற்றவர்கள் செம்மரம் வளர்த்த 18 விவசாயிகள். கூனிப்பாளையம், சிறுணியம், அம்மம்பாக்கம், வேம்பேடு என்று எட்டு ஊர்களைச் சேர்ந்தவர்கள். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஓர் உயிரினத்தைப் பற்றிய அறிவியல் எப்படிச் சட்டமாகி, அந்தச் சட்டம் எப்படிப் பணமாகி, அந்தப் பணம் எப்படி ஊருக்குத் திரும்புகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செய்தி நம் பக்கத்தில் எனக்குத் தெரிந்து வேறில்லை. அதனால் இன்றைய பேச்சை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில், சேஷாசலம் முதலான சில மலைகளில் மட்டுமே இயற்கையாக வளரும் மரம். உலகத்தில் வேறெங்கும் அதற்குச் சொந்தக் காடு கிடையாது. அருகிவரும் இனம் என்பதால் பன்னாட்டு வணிகத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்த மரத்துக்காக எத்தனை தமிழ்க் கூலித் தொழிலாளிகள் அந்தக் காடுகளில் உயிரையும் வாழ்வையும் இழந்தார்கள் என்பதும் இந்த அவைக்குத் தெரியும். அதே மரத்தை எல்லைக்கு இந்தப் பக்கம் நம் விவசாயிகள் பட்டா நிலத்தில் நட்டு வளர்த்தார்கள். வளர்த்தவருக்கு வெட்டி விற்க வழி தெரியாத காலம் ஒன்று இருந்தது. 2015-இல் பல்லுயிர் ஆணையம் செம்மரத்துக்கென்று ஒரு வல்லுநர் குழுவை அமைத்தது. காட்டு மரம் எது, நட்ட மரம் எது என்று பிரித்துப் பார்க்கும் கொள்கை அந்தக் குழுவின் பரிந்துரைகளில் இருந்து பிறந்தது. 2019-இல் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் நட்டு வளர்த்த செம்மரத்தின் ஏற்றுமதிக்கு விதியைத் தளர்த்தியது.

இதற்கு முன்பே, 2014-இல் ஆணையம் வகுத்த பயன் பகிர்வு ஒழுங்குமுறைகளில், சந்தனம், செம்மரம் போன்ற விலை உயர்ந்த உயிர்வளங்களுக்கு ஏலத்தொகையிலோ விற்பனைத் தொகையிலோ ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாமல் பங்கு செலுத்த வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. வாங்கியவர் கட்டிய அந்தப் பங்குதான் தரமணியில் இருக்கும் ஆணையத்துக்குப் போய், கூனிப்பாளையத்துக்குத் திரும்பி வந்தது.

இந்தச் சங்கிலி ஏன் அறாமல் நின்றது? மரத்துக்குப் பட்டா இருந்தது. வளர்த்தவர் பெயர் தெரிந்தது. ஏலச்சீட்டு இருந்தது, வாங்கியவர் யாரென்று தெரிந்தது, விலை தெரிந்தது. அதாவது ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு தாள் இருந்தது.

இப்போது கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்துக்கு வாருங்கள்.

காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட அந்தக் கழியில் இருளர் பெண்கள் இறால் பிடிப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது, படகும் கிடையாது. தண்ணீரில் உட்கார்ந்தபடி, சில இடங்களில் தவழ்ந்தபடி, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வார்கள். பனையோலையில் முடைந்த பறி பல்லில் கடித்தபடி இருக்கும், அல்லது கழுத்தில் தொங்கும். கையில் ஓர் அசைவு பட்டதும் விரல்கள் மூடும். இறால் ஆபத்தென்றால் பின்பக்கமாகத் துள்ளும். அதனால் முன்னால் போகும் கை விரட்ட, பின்னால் வைத்த கை பிடிக்கும். பிடித்தது நேரே பறிக்குள் போகும். சிப்பி ஓடு கிழித்த கீறல் இல்லாத உள்ளங்கையை அங்கே நான் கண்டதில்லை. தண்ணீர் எப்போது வற்றும், எப்போது ஏறும், எந்தச் சேற்றில் கால் எவ்வளவு புதையும், அனல்மின் நிலையத்து வெந்நீர் வரும் வாய்க்கால் பக்கம் ஏன் போகக் கூடாது, சாம்பல் படிந்த சேற்றைத் தொட்டால் கை என்ன சொல்லும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சேற்றடி உயிர்களைப் பற்றி இவ்வளவு நுணுக்கமான, நாள்தோறும் சோதிக்கப்படும் அறிவு எங்கள் ஆய்வுக்கூடங்களில் இல்லை.

இந்த அறிவுக்கு எந்தத் தாளும் இல்லை. இன்று நான் சொல்ல வந்தது இதைப் பற்றித்தான்.

சொல்லப்போனால் அந்தத் தாளை உண்டாக்கச் சட்டம் ஏற்கெனவே வழி செய்திருக்கிறது. 1992-இல் ரியோ டி ஜெனிரோவில் பல்லுயிர் உடன்படிக்கை கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1994-இல் இந்தியா அதை ஏற்று உறுதி செய்தது. 2002-இல் நாடாளுமன்றம் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2003 அக்டோபரில் தேசிய ஆணையம் சென்னையிலேயே அமைந்தது. அந்தச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்க வேண்டும் என்கிறது. தன் எல்லைக்குள் இருக்கும் உயிர்களையும் வாழிடங்களையும், அவற்றைப் பற்றி மக்களுக்கு உள்ள அறிவையும் ஆவணப்படுத்துவது அந்தக் குழுவின் வேலை. அப்படி எழுதப்படுவதுதான் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் தொண்ணூறுகளில் பல கல்லூரிகளையும் ஊர்களையும் சேர்த்துக்கொண்டு செய்து பார்த்த முயற்சி அதற்கு முன்னோடி. அறிவியலாளரும் ஊராரும் ஒன்றாக உட்கார்ந்து எழுதும் நூல் என்பதே அதன் அடிப்படை எண்ணம்.

நடந்தது வேறு. சட்டம் வந்து பத்தாண்டுகள் கடந்தும் பெரும்பாலான ஊர்களில் குழுவே இல்லை. 2016-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. நாடு முழுக்க அப்போது பத்தாயிரத்துக்கும் குறைவான குழுக்களே இருந்தன. 2020 ஜனவரி 31-க்குள் எல்லா உள்ளாட்சிகளிலும் குழுவும் பதிவேடும் இருக்க வேண்டும், தவறும் மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயம் கெடு விதித்தது. அதன் பிறகு சில ஆண்டுகளுக்குள் குழுக்களின் எண்ணிக்கை இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. கெடு விதித்ததை நான் குறை சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் இன்றும் காகிதம்கூட இருந்திருக்காது. ஆனால் அபராதத்துக்கு அஞ்சி எழுதப்பட்ட பதிவேடு எப்படி இருக்கும்?

நம் கடலோர ஊராட்சி ஒன்றில் அந்தப் பதிவேட்டைப் பார்த்தேன். ஊர் பெயர் வேண்டாம், எந்த ஊராக இருந்தாலும் அநேகமாக இதே கதைதான். நேர்த்தியான கட்டு, உள்ளே படிவம் மேல் படிவம். மாமர வகைகள் இருந்தன. மாட்டினங்கள் இருந்தன. துளசி சளிக்கு, வேம்பு புண்ணுக்கு என்று மூலிகைகள் இருந்தன. மீன்வளம் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: இறால், நண்டு, மீன். வெள்ளை இறாலும் வரி இறாலும் ஒன்றாகிவிட்டன. மடவை, கொடுவா, கிழங்கான் எதற்கும் பெயரில்லை. எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்ற கட்டம் காலியாக இருந்தது. மக்கள் என்ற பகுதியில் இருளர் ஓர் எண்ணாக இருந்தார்கள். அறிவுடையோர் என்ற பகுதியில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. பக்கத்து ஊராட்சியின் பதிவேட்டையும் புரட்டினேன். மூலிகைப் பக்கங்கள் இரண்டும் வரிக்கு வரி ஒன்றாக இருந்தன.

இதனால் என்ன நட்டம் என்று யாராவது கேட்கலாம். 2023 டிசம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்துக்குள் இறங்கியது. அலையாத்தி மரங்களின் தண்டில் கறுப்புக் கோடு விழுந்தது. கூழைக்கடாக்களின் சிறகில் எண்ணெய் ஒட்டியது. அரசு நிவாரணம் அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட 2,301 குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளைச் சீரமைக்கத் தலா 10,000 ரூபாய். படகை எண்ணலாம், வலையை எண்ணலாம். பறியை மட்டுமே கருவியாகக் கொண்டவரின் இழப்பை எதை வைத்து எண்ணுவது? எண்ணெய் இறங்குவதற்கு முன்னால் அந்தச் சேற்றில் என்ன இருந்தது, நாளொன்றுக்கு ஒரு கை எவ்வளவு எடுத்தது என்று எழுதிய ஆவணம் எங்கே? அது பதிவேட்டில் இருந்திருக்க வேண்டிய செய்தி. 2022 ஜூலையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, வடசென்னை அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிந்த வழக்கில் மின் கழகத்தைப் பொறுப்பாக்கியது. அந்த வழக்கைத் தொடுத்தவர் ஒரு மீனவர். ஆண்டுக்கணக்கில் போராடி அவர் நிறுவ வேண்டியிருந்தவற்றில் ஒரு பாதி, ஊர்ப் பதிவேட்டில் ஏற்கெனவே எழுதப்பட்டு முத்திரையிடப்பட்டு இருந்திருக்கலாம்.

பழவேற்காட்டுக்குப் போவோம். சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். நம் பக்கத்தில் 153.67 சதுர கிலோமீட்டர் 1980-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக்காக அங்கே போகிறவர்கள் பலர். எனக்கு அங்கே பூநாரையைவிட வியப்பளித்தது பாடு.

பாடு என்பது முகத்துவாரத்துக்கு அருகில் இறால் வலை கட்டும் இடங்களை ஊர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. இன்று இந்த ஊர், நாளை அந்த ஊர். ஊருக்குள்ளே எந்த இடம் யாருக்கு என்பதையும் முறையே தீர்மானிக்கும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது, மோசமான இடமும் ஒருவர் தலையிலேயே விழாது. வலைகளின் எண்ணிக்கையும் தானாகவே கட்டுக்குள் நிற்கும். கோட்டைக்குப்பம் முதலிய பட்டினவர் ஊர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த இந்த முறையைச் சாரா கோல்தார்ட் போன்ற வெளிநாட்டு ஆய்வாளர்கள் வந்து தங்கி ஆராய்ந்து பன்னாட்டு ஆய்விதழ்களில் எழுதியிருக்கிறார்கள். நம் கொள்கை ஆவணங்களில் அந்தச் சொல்லே தென்படுவதில்லை.

பாட்டைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது நேர்மையாகாது. பாடு எல்லாருக்கும் உரியதன்று. அது தலைக்கட்டு உள்ள பட்டினவர் ஆண்களுக்கு உரியது. பெண்ணுக்குப் பங்கில்லை. பிற சாதியாருக்கும் இருளருக்கும் பங்கில்லை. இருளர் கையால் பிடிப்பது முறைக்கு வெளியே, ஓரத்துத் தண்ணீரில். ஆக, சமூகப் பாதுகாப்பு என்று பேசும்போது எந்தச் சமூகம், அதற்குள் யார் என்ற கேள்வியை விலக்கிவைக்க முடியாது. 2004-ஆம் ஆண்டுப் பல்லுயிர் விதிகள் பல்லுயிர்க் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களும், 18 விழுக்காட்டுக்குக் குறையாமல் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இருக்க வேண்டும் என்றது இதனால்தான். மரபு தள்ளிவைத்தவரைச் சட்டம் உள்ளே அழைக்கிறது. அந்த இடத்தில் ஓர் இருளர் பெண் உட்கார்ந்திருந்தால் இறால் பக்கம் ஒரே வரியில் முடிந்திருக்காது.

அறிவியல் சொல்வதும் மீனவர் சொல்வதும் ஒன்றாக இருந்தும் கொள்கை இரண்டையும் கேளாமல் போன இடம் ஒன்று உண்டு. அது மணல். நம் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1876-இல் சென்னைத் துறைமுகத்தின் சுவர்களைக் கட்டத் தொடங்கிய பிறகு தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. இது பாடப்புத்தகச் செய்தி. தெற்கே கல்லைக் கொட்டினால் வடக்கே ஊர் போகும் என்று காசிமேட்டிலிருந்து பழவேற்காடு வரை எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வடக்கே இருப்பது எது? கடலுக்கும் கழிக்கும் நடுவே நிற்கும் மெல்லிய மணல்திட்டும், அதற்கும் வடக்கே பழவேற்காட்டு முகத்துவாரமும்.

முகத்துவாரம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை மாணவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சு பொரித்துச் சில வாரங்களில் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வரும். உப்புக் குறைந்த ஆழமற்ற நீரில் வளரும். பருவம் வந்ததும் அதே வழியாகக் கடலுக்குத் திரும்பும். மணல் தூர்ந்து வாய் அடைந்தால் இரண்டு பயணமும் நின்றுபோகும். அந்த ஆண்டு பாடும் இல்லை, பறியும் இல்லை.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 2018-இல் அதானி குழுமம் வாங்கியது. 330 ஏக்கரில் இருப்பதை 6,110 ஏக்கராக விரிவாக்குவது திட்டம். அதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்துப் பெறும் நிலம். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் தேதி குறித்துப் பிறகு தள்ளிவைத்தார்கள். மீனவ ஊர்கள் ஒன்றாக நின்று எதிர்ப்பது நீங்கள் அறிந்தது. நான் கேட்பது வேறொன்று. இப்படிப்பட்ட திட்டத்தை மதிப்பிடும் வழிமுறையில் ஊர்ப் பல்லுயிர்க் குழுவுக்கு என்ன இடம்?

இடமே இல்லை. 2006 செப்டம்பரில் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், குழுவைக் கேட்க வேண்டும் என்றோ பதிவேட்டைப் பார்க்க வேண்டும் என்றோ விதி கிடையாது. அறிக்கையைத் தயாரிக்க ஆள் அமர்த்துவதும் பணம் கொடுப்பதும் திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனமே. பெரும்பாலான திட்டங்களுக்கு மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தரவு போதும் என்பது நடைமுறை. இந்த நடைமுறையை எழுதியவர்கள் பழவேற்காட்டை நினைத்து எழுதவில்லை. இங்கே உயிர் வருவதே வடகிழக்குப் பருவமழையில். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஆரணியாறும் காலங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து தள்ள, ஏரியின் உப்பு குறைந்து, வாய் திறந்து, பூநாரைகள் வந்திறங்கும். அந்த மாதங்களை விட்டுவிட்டுக் கோடையில் அளந்து எழுதிய அறிக்கையில் இந்த ஏரி பாதிதான் இருக்கும். மீதிப் பாதியை ஊர்ப் பதிவேடுதான் தர முடியும்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. பல்லுயிர்ச் சட்டத்தின் 36-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். பல்லுயிர்வளத்துக்குக் கேடு செய்யக்கூடிய திட்டங்களின் தாக்கத்தை மதிப்பிடவும், உரிய இடங்களில் மக்கள் அதில் பங்கேற்கவும் மத்திய அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அங்கே இருக்கிறது. வளம் நிறைந்த பகுதி ஒன்று அழியும் நிலையில் இருந்தால் மாநில அரசுக்கு ஆணையிட வேண்டும் என்றும் இருக்கிறது. ஒரு சட்டத்தில் இருப்பதை இன்னொரு சட்டத்தின் அறிவிக்கையில் ஒரு பத்தியாகச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பதிவேட்டை இணைக்காத மதிப்பீட்டு அறிக்கையை ஏற்கக் கூடாது, குழுவின் எழுத்துபூர்வக் கருத்தைக் கேட்டு அதற்குப் பதில் எழுத வேண்டும். இந்த இரண்டு வரிகள்.

எண்ணூரில் ஒரு வரைபடம் படுத்திய பாடும் இதற்குச் சான்று. மத்திய அரசு 1996-இல் ஒப்புதல் அளித்த கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் கழிமுகமும் அதன் ஈரநிலங்களும் இருந்தன. பிற்பாடு புழக்கத்துக்கு வந்த வேறொரு வரைபடத்தில் ஆற்றின் அந்தப் பகுதியே இல்லை. பழைய வரைபடத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் தேடியெடுத்து வெளியே கொண்டுவந்தவர்கள் மீனவர்களும் அவர்களோடு நின்ற செயற்பாட்டாளர்களும். தலைமைச் செயலகத்தில் ஒரு படி, ஊராட்சியில் ஒரு படி, பள்ளிக்கூடத்தில் ஒரு படி என்று இருந்திருந்தால் ஓர் ஆறு காணாமற் போயிருக்காது.

கடற்கரையையே பேசிக்கொண்டிருந்தால் கும்மிடிப்பூண்டிக்காரர்கள் கோபிப்பார்கள். அங்கே கதை மேய்ச்சல் நிலத்தைப் பற்றியது. தேர்வாய் கண்டிகையில் ஊரார் ஆடுமாடு மேய்த்த, விறகும் மூலிகையும் எடுத்த பொதுநிலம் சிப்காட் பூங்காவானது. பெரும்பாலும் பட்டியல் சாதியினர் வாழும் ஊர் அது. எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. டயர் தொழிற்சாலை கட்டிய மிச்செலின் நிறுவனத்தின் மீது 2012-இல் பிரான்சிலேயே முறையீடு செய்யும் அளவுக்கு அது போனது. அந்த நிலத்தின் பெயர் வருவாய்க் கணக்கில் புறம்போக்கு. அங்கே என்ன முளைத்தது, எது மேய்ந்தது, எத்தனை வீட்டு அடுப்பு எரிந்தது என்பதற்குக் கணக்கில் கட்டமில்லை. 2007 முதல் 2009 வரை அந்த ஊருக்கு ஒரு பல்லுயிர்ப் பதிவேடு இருந்திருந்தால் தொழிற்சாலை வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. எடுத்தது வெற்று நிலம் என்று எவராலும் எழுத முடிந்திருக்காது.

ஏரிகளின் கதி இன்னும் மோசம். திருவள்ளூர் ஏரிகளின் மாவட்டம். 1944-இல் கட்டிய பூண்டியிலிருந்து 2020-இல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை வரை சென்னைக்குத் தண்ணீர் தருவது நாம். ஆனால் 2017-ஆம் ஆண்டின் தேசிய ஈரநில விதிகள் குடிநீருக்கும் பாசனத்துக்கும் மனிதர் வெட்டிய நீர்நிலைகளைத் தமக்குள் சேர்ப்பதில்லை. கடலோர ஒழுங்குமுறைக்கு உட்பட்ட கழிகளையும் சேர்ப்பதில்லை. நம் முன்னோர் வெட்டிய ஏரி என்பதே அதற்குக் குறையாகிவிட்டது. நாரை அந்த வேறுபாட்டைப் பார்த்து இறங்குவதில்லை.

நம்பிக்கைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. இருளர் அறிவுக்கே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1972-இன் வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் நின்றபோது பிழைப்பற்றுப் போன இருளர்கள், ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978-இல் கூட்டுறவுச் சங்கம் கண்டார்கள். இன்று வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகிறார்கள். நாட்டின் பாம்புக்கடி மருந்துக்கு அந்த நஞ்சே முக்கிய ஆதாரமாக இருந்துவருகிறது. 2023-இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கையில் இருந்த அறிவுக்கு ஓர் அமைப்பும் உரிமமும் விலையும் கிடைத்ததால் அது தேசியக் கொள்கையின் உறுப்பானது.

இன்னொன்று அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அந்தப் பகுதியையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் எழுச்சிதான் வென்றது, ஐயமில்லை. ஆனால் அவர்கள் கையில் அரசாணை என்றொரு தாள் இருந்தது. அரசு தானே கையெழுத்திட்ட தாள்.

2022 டிசம்பரில் மான்ட்ரியலில் உலக நாடுகள் நிலத்திலும் கடலிலும் 30 விழுக்காட்டை 2030-க்குள் பாதுகாப்போம் என்று ஒப்புக்கொண்டன. அதையொட்டி 2024-இல் இந்தியாவும் 23 இலக்குகள் கொண்ட செயல்திட்டத்தை வெளியிட்டது. அந்த விழுக்காட்டை எட்டச் சரணாலயங்கள் போதா, மக்கள் காக்கும் இடங்களையும் சேர்த்தாக வேண்டும் என்று எல்லாருமே சொல்கிறார்கள். அப்படியானால் பாடு நடக்கும் நீர்ப்பரப்பு அந்தக் கணக்கில் ஏற வேண்டும். பறி இறங்கும் சேறும் ஏற வேண்டும். ஏற்றுவதற்கு முன் அங்கே இருப்பவர்களைக் கேட்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அவர்களை வெளியேற்றிய வரலாறு நம் நாட்டில் நிறைய உண்டு.

நடைமுறைத் தடை ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நம் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். பல்லுயிர்க் குழுவைப் பெற்றெடுக்க வேண்டியது ஊராட்சி. அந்த ஊராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் எவரும் இல்லாதபோது குழுவின் குரலுக்கு யார் பொறுப்பு? இதைத் தேர்தல் பேச்சாக எண்ண வேண்டாம். காட்டுப்பள்ளிக் கருத்துக்கேட்புக் கூட்டத் தேதி எந்த நாளும் திரும்ப வரலாம்.

ஆகவே இந்தக் கல்லூரியின் விலங்கியல், தாவரவியல் துறைகளிடமும் மீன்வளம் பயிலும் மாணவர்களிடமும் நான் கேட்பது ஒரே ஒரு வேலை. மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி ஒன்றியங்களின் கடலோர, ஏரிக்கரை ஊராட்சிகளில் இருக்கும் பதிவேடுகளைப் படியெடுங்கள். நீர் சார்ந்த பக்கங்களைத் தனியே பிரியுங்கள். இறால் என்ற ஒற்றை வரியை இருளர் குடியிருப்புக்கும் குப்பத்துக்கும் கொண்டுபோய் அங்கே இருப்பவர்கள் சொல்லச் சொல்ல நிரப்புங்கள்: பெயர், மாதம், இடம், நீரின் நிலை, முன்பு கிடைத்த அளவு, இப்போது கிடைக்கும் அளவு. சொன்னவர் பெயரை அவர் சம்மதித்தால் பக்கத்திலேயே எழுதுங்கள், ஏனென்றால் நாளை பயன் பகிர்வு என்று ஒன்று வந்தால் அந்தப் பெயர்தான் பட்டா. மழை மாதங்களையும் சேர்த்து ஓராண்டு முழுக்கச் செய்யுங்கள். பிறகு உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் அதைத் தமிழில் உரக்கப் படியுங்கள். ஊரார் திருத்தியதைத் திருத்தி, சபையின் தீர்மானத்தோடு மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் தரமணி ஆணையத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஆளுக்கொரு படி அனுப்பி, ஒப்புகைச் சீட்டை ஊராட்சியிலும் கல்லூரி நூலகத்திலும் பத்திரப்படுத்துங்கள். அறக்கட்டளை நண்பர்கள் இந்த வேலைக்குப் போக்குவரத்துச் செலவையும், பகல் வேலையை விட்டுவிட்டு வந்து சொல்லித்தரும் இருளர் பெண்களுக்கு ஒரு நாள் இறால் காசுக்குக் குறையாத மதிப்பூதியத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.